புதுச்சேரி – மரக்காணம் கரை: ஃபஸி லாஜிக் வரைபடத்தில் நகர முகப்பு ஏன் பச்சையாக வருகிறது?

#1 நீர்க்கோடு

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை திட்டப்பணிக்காக அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் தொடங்கி வடக்கே மரக்காணம் வரை கடலரிப்பு, மணல் படிவு இரண்டையும் ஃபஸி லாஜிக் (உண்டு, இல்லை என்று வெட்டாமல் 0 முதல் 1 வரை அளவாகச் சொல்லும் முறை) வைத்து வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள்தான் பயன்படுத்துகிறேன். ஐந்து லேயர்கள்: கரைச் சரிவு, நில உயரம், கரைக்கோடு ஆண்டுக்கு எத்தனை மீட்டர் நகர்ந்தது என்ற வேகம், நில அமைப்பு, கடலில் உள்ள கல் கட்டுமானங்களிலிருந்து தூரம்.

கரைக்கோடுகளை 1990, 2000, 2010, 2020 லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்தேன். கரைக்கோடு மாற்றத்தை அளக்கும் டிஎஸ்ஏஎஸ் மென்பொருளில் கரைக்குக் குறுக்கே கோடுகள் போட்டு நேர்கோட்டுப் பின்னடைவு முறையில் வேகம் கணக்கிட்டேன். அப்புறம் ஒவ்வொரு லேயரையும் 0 முதல் 1 வரை மாற்றி, லேயர்களைக் கலக்கும் காமா என்ற எண்ணை 0.9 என்று போட்டு ஒன்றாக இணைத்தேன். 1ஐ நெருங்கினால் அரிப்பு அபாயம் அதிகம்.

வந்த வரைபடத்தில் இரண்டு விஷயங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையை ஒட்டிய பகுதி முழுக்கப் பச்சை, அதாவது "நிலையான கரை". நான் அங்கே போய் நின்று பார்த்திருக்கிறேன். பல இடங்களில் மணலே இல்லை, கருங்கல்தான் கடலைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. இரண்டாவது, மற்ற இடமெல்லாம் 0.7ஐ ஒட்டி ஒரே ஆரஞ்சு நிறம். துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினத்தையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்திருந்தேன். அங்கே மணல் அகலமாகப் படிந்திருக்கிறது. அதுவும் ஆரஞ்சு.

எங்கே தப்பு செய்கிறேன்?

#2 பிக்சல்பித்தன்

ஆரஞ்சுக்கான காரணம் காமாவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பேப்பரை எடுத்து இதைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பிக்சலில் ஐந்து லேயரும் 0.5 என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஐந்தும் "எனக்குத் தெரியாது" என்கின்றன. பெருக்கல் முறையில் 0.5ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.031. கூட்டல் முறை என்பது ஒவ்வொரு மதிப்பையும் 1லிருந்து கழித்து, மிச்சங்களைப் பெருக்கி, அதை 1லிருந்து கழிப்பது. இங்கே அந்தப் பெருக்கலும் 0.031 தான், ஆக 0.969. காமா இந்த இரண்டையும் கலக்கிறது: கூட்டலின் 0.9 அடுக்கு, பெருக்கலின் 0.1 அடுக்கு, இரண்டையும் பெருக்கு. விடை 0.69.

ஐந்து "தெரியாது"கள் சேர்ந்து "அபாயம் அதிகம்" என்று ஆகிவிட்டன! காமாவை 0.8 ஆக்கினால் அதே பிக்சல் 0.49. 0.75 என்றால் 0.41. நிலத்தில் எதுவும் மாறவில்லை, நீங்கள் தட்டிய ஒரு எண் மட்டும் மாறியது.

லேயர் எண்ணிக்கை கூடக்கூட கூட்டல் முறை 1ஐ நோக்கி ஓடும். கட்டுரைகளில் 0.9 அடிக்கடி வரும். அதைப் பார்த்து எல்லோரும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். எத்தனை லேயர், அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையா என்று யாரும் கேட்பதில்லை. உங்களுடைய சரிவும் உயரமும் ஒரே தரவிலிருந்து வந்தவை. ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

நில அமைப்பு லேயரில் தெரியாத இடங்களுக்கு என்ன மதிப்பு கொடுத்தீர்கள்?

#3 நீர்க்கோடு

0.5 தான் கொடுத்தேன்... நடுநிலையாக இருக்கட்டும் என்று. கணக்கைப் போட்டுப் பார்த்தேன், 0.69 சரியாக வருகிறது. இரண்டு மாதமாக இந்த நிறத்துக்கு நிலவியல் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் பச்சைக்கும் இதுதான் காரணமா?

#4 அலைவாய்க்கரை

இல்லை. பச்சைக்குக் காரணம் வேறு, அதுதான் முக்கியமானதும்கூட.

உங்கள் வேக லேயர் கரைக்கோடு எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும்தான் பார்க்கிறது. நகர முகப்பில் கரைக்கோடு என்பது கல் சுவர். கல் நகராது. அதனால் வேகம் பூஜ்யம், பூஜ்யம் என்றால் பச்சை. ஆனால் அந்தக் கல்லை ஏன் கொட்டினார்கள்? மணல் போய்விட்டதால்தான். அரிப்பு முற்றிய இடத்தை உங்கள் மாதிரி அமைதியான இடம் என்று படிக்கிறது.

கதையைக் கொஞ்சம் பின்னோக்கிச் சொல்கிறேன். நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில், சுமார் மார்ச் முதல் அக்டோபர் வரை, அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் அது திரும்பித் தெற்கே வரும். வடக்கே போகிற மாதங்கள் அதிகம் என்பதால் ஆண்டுக் கணக்கில் மிச்சம் வடக்கு நோக்கி, லட்சக்கணக்கான கன மீட்டர். கரை என்பது ஒரு ஓடுபாதை என்று நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து வந்து சேரும் மணலும் வடக்கே கிளம்பும் மணலும் சமமாக இருக்கும்வரை கரை இருந்த இடத்தில் இருக்கும்.

1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புகள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே நின்றது. வீராம்பட்டினம் பக்கம் கடற்கரை அகலமானது. வடக்கே நகரத்துக்கு வர வேண்டியது வரவில்லை. தேங்கும் மணலை எடுத்துத் தடுப்பைத் தாண்டி வடக்கே கொட்டும் ஏற்பாடு அசல் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. நகர முகப்பு மணலை இழந்தது, கல் கொட்டினார்கள். கல் முடிகிற இடத்துக்கு அடுத்து அரிப்பு நகர்ந்தது, அங்கேயும் கல். அப்படியே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே போய், மாநில எல்லையைத் தாண்டி தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம் வரை எட்டியது.

இதே பாடம் சென்னையில் நூறு வருடம் முன்னதாகவே நடந்தது. 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் தெற்கே மணலைச் சேர்த்துத்தான் இன்றைய அகலமான மெரினா. வடக்கே ராயபுரம், காசிமேடு தொடங்கி எண்ணூர் வரை கல்.

ஆகவே சுவர் கட்டப்படுவதற்கு முந்தைய வேகத்தையும் பிந்தையதையும் ஒரே கோட்டில் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். உதாரணத்துக்கு ஒரு கரை எட்டு வருடம் ஆண்டுக்கு 10 மீட்டர் வீதம் போய், அப்புறம் 22 வருடம் கல்லோடு நின்றால், முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒப்பிடும் கணக்கு ஆண்டுக்கு 2.7 மீட்டர் என்று சொல்லும். அந்தக் கரை ஒரு வருடம்கூட 2.7 மீட்டர் வேகத்தில் இருந்ததில்லை. உங்கள் முதல் படமே 1990. அலைத்தடுப்பு வந்த பின் எடுத்தது. அதாவது பந்தயம் தொடங்கிய பிறகு கடிகாரத்தை ஓடவிட்டிருக்கிறீர்கள்.

#5 கடலூர்க்காரி

நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னியுங்கள். நான் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கடல் அரிப்பு புரிகிறது. அதற்குள் இந்த ஃபஸி எதற்கு? அரிப்பு, படிவு, நிலை என்று மூன்று நிறம் அடித்தால் போதாதா? பிள்ளைகளுக்குச் சொல்ல எளிமையாக யாராவது விளக்க முடியுமா?

#6 பிக்சல்பித்தன்

டீச்சர், நல்ல கேள்வி.

பழைய முறையில் ஒரு எல்லை வைப்போம்: ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் போனால் அரிப்பு, குறைவென்றால் நிலை. அப்போது 0.98 மீட்டர் போகும் குப்பம் "நிலை", பக்கத்தில் 1.02 மீட்டர் போகும் குப்பம் "அரிப்பு". நான்கு சென்டிமீட்டரில் இரண்டு ஊர்களின் தலையெழுத்து மாறுகிறது. அதை அளந்த படத்தின் ஒரு பிக்சலோ 30 மீட்டர்.

லோட்ஃபி சாதே 1965இல் சொன்னது இதற்குத்தான் பதில். ஒரு பொருள் ஒரு கூட்டத்தில் "உண்டு" அல்லது "இல்லை" என்று மட்டும் இருக்க வேண்டியதில்லை, எந்த அளவுக்கு உண்டு என்று 0க்கும் 1க்கும் இடையே ஒரு எண் கொடுக்கலாம். அரை மீட்டர் வரை "அரிப்பு" என்ற கூட்டத்தில் உறுப்பளவு 0, மூன்று மீட்டரில் 1, நடுவில் படிப்படியாக ஏறும். 0.98க்கும் 1.02க்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு கிடைக்கும். கியூஜிஐஎஸ்ஸில் இதற்கு "ஃபஸிஃபை ராஸ்டர்" என்று தயார் கருவியே உண்டு.

1970களில் மம்தானி இதை விதிகளாக்கினார். "இது அதிகம், அது குறைவு என்றால் விளைவு இப்படி" என்று ஆட்கள் பேசுகிற மாதிரியே எழுதி, கணினி அதைக் கணக்காக்கும். முதலில் ஒரு சின்ன நீராவி எந்திரத்தைக் கட்டுப்படுத்தத்தான் செய்து பார்த்தார்கள். கடற்கரைக்கு இது பொருந்துவதற்குக் காரணம், கரையைத் தெரிந்தவர்கள் எண்ணில் பேசுவதில்லை. "கொஞ்சம் போயிருக்கு", "நிறையப் போயிருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

பிள்ளைகளிடம் பொழுது விடிவதைச் சொல்லுங்கள். எந்த நிமிடத்தில் இரவு முடிந்தது என்று கேளுங்கள்.

#7 சர்வேக்கல்

முப்பது வருடம் வரைபட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் கடுமையாகச் சொல்வேன், தங்கச்சி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே நடந்திருப்பது ஃபஸி லாஜிக் இல்லை. பழைய மதிப்பெண் முறைக்குப் புதுச் சட்டை. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில் 1999 வாக்கில் ஆறு காரணிகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, பெருக்கி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தார்கள். கரையோர பாதிப்புக் குறியீடு என்று பெயர். அதில் குறை இருந்தாலும் ஒளிவுமறைவு இல்லை. எங்கே எந்த மதிப்பெண் என்று எல்லோருக்கும் தெரியும். காமாவில் அது தெரியாது.

அதைவிட அடிப்படைத் தரவைப் பாருங்கள்.

உயரம் எஸ்ஆர்டிஎம் என்று நினைக்கிறேன். அது 2000 பிப்ரவரியில் விண்கலம் பதினோரு நாளில் ரேடாரில் எடுத்தது. செங்குத்துப் பிழையே பல மீட்டர். கடற்கரை மொத்தமே இரண்டு மூன்று மீட்டர் உயரம்தான். அதிலிருந்து சரிவு எடுப்பது தராசே ஆடும்போது தங்கம் நிறுப்பது போல. அதைத் தூக்கி எறியுங்கள்.

கரைக்கோடு: லேண்ட்சாட் காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் கடக்கும், ஆனால் ஏற்றவற்றம் தினமும் வேறு. நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பெரியதில்லை, அதிகம் போனால் ஒரு மீட்டரை ஒட்டி. ஆனால் சரிவு இருபதுக்கு ஒன்று என்றால், அந்த ஒரு மீட்டர் தண்ணீர்க்கோட்டை 20 மீட்டர் நகர்த்தும். கடலே அரிக்காமல் 20 மீட்டர் அரிப்பு உங்கள் அட்டவணையில் ஏறிவிடும். ஒரே பருவத்துப் படங்களா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இங்கேதான் கரையைக் கடந்தது. அதற்குப் பின் சில வாரங்களில் எடுத்த படத்தை ஏதாவது சேர்த்திருந்தால் எல்லாமே சாய்ந்துவிடும்.

பழைய கரைக்கு 1:50,000 நிலவரைபடத் தாள்களையும் பாருங்கள். உங்கள் பகுதி 12 டிகிரி அட்சக்கோட்டில் இரண்டாகப் பிரியும். நகரம் 58 எம் (M) வரிசையில், மரக்காணம் 57 பி (P) வரிசையில். இரண்டு தாளும் ஒரே ஆண்டு அளக்கப்பட்டதா என்று ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மீட்டரில் அளக்கும் ஆயமுறையான யூடிஎம் 44 வடக்குக்கு மாற்றிய பிறகே தூரம் அளக்க வேண்டும்.

#8 பிக்சல்பித்தன்

சர்வேக்கல் ஐயா சொன்ன தரவுக் குறைகள் அத்தனையும் சரி. ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். தரவு மோசம் என்பதால் ஃபஸி வேண்டாம் என்றாகாது, அதனால்தான் வேண்டும். தண்ணீர்க்கோட்டில் 20 மீட்டர் ஆட்டம் உண்டு என்று தெரிந்தால், உறுப்பளவுச் சரிவை அந்த ஆட்டத்தை வைத்தே தீர்மானிக்கலாம். முப்பது வருடத்தில் 20 மீட்டர் என்றால் ஆண்டுக்கு 0.7. அதற்குக் கீழே உள்ள எந்த வேகத்துக்கும் "அரிப்பு" என்று உறுதியாகச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, அங்கே உறுப்பளவு சின்னதாகவே இருக்கட்டும். அளவின் பிழையை வளைவுக்குள் கொண்டுவருவது மதிப்பெண் முறையால் முடியாது.

கரைக்கோட்டையும் மென்மையாக எடுக்கலாம். நீரையும் நிலத்தையும் பிரித்துக்காட்டப் படத்தின் நிறங்களிலிருந்து கணக்கிடும் நீர்க் குறியீட்டில் பூஜ்யத்துக்கு மேல் நீர், கீழே நிலம் என்று பிக்சலை வெட்டினால் கரை படிக்கட்டு மாதிரி வரும். அதற்குப் பதில் குறியீட்டையே தொடர் பரப்பாக வைத்து, நடு மதிப்பில் சமக்கோடு வரைந்தால் பிக்சலுக்கு உள்ளேயே கோடு போகும். பைத்தான் நிரல்மொழியில் எழுதிய கோஸ்ட்சாட் என்ற இலவசக் கருவி இதைச் செய்கிறது. 2015க்குப் பிறகு 10 மீட்டர் பிக்சல் கொண்ட சென்டினல் செயற்கைக்கோள் படங்களும் இருக்கின்றன.

#9 கொண்டல்

நான் கோட்டக்குப்பத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்காரன். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். நான் கணினி வேலை. இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"வருசம் ஒருதரம் படம் பிடிச்சு என்ன தெரியும்? கார்த்திகை மார்கழியில கடல் மணலைத் தின்னும். மாசி பங்குனியில திருப்பிக் கொடுக்கும். கொடுத்தது தின்னதைவிடக் குறைச்சலா இருந்தாத்தான் கரை போகுது. முன்னெல்லாம் கொடுத்துரும். இப்போ பாதிதான் கொடுக்குது."

தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை எங்கள் பக்கம் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. தெண்டி ஓடும் நாட்களில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மணல் வருகிறதா இல்லையா என்று சொல்வார். பத்து வயதில் நான் விளையாடிய இடத்தில் கரைவலை இழுத்தார்கள். வலையை இழுத்துப் போட, காயவைக்க, பிரிக்க அகலமான மணல் வேண்டும். அந்த இடத்தில் இப்போது கல் கிடக்கிறது. கல்மேல் வலை இழுத்தால் கிழிந்துவிடும், படகையும் ஏற்ற முடியாது. கரைவலை இழுத்தவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். உங்கள் வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை நிறம் வந்தால், எங்கள் பக்கத்து ஆட்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்ட பிறகு அதற்குத் தெற்கே கொஞ்சம் மணல் சேர்ந்தது, உண்மை. அதற்கு வடக்கே இருக்கிறவர்கள் அதே மணலைத்தான் இழந்தார்கள். அப்பா கேட்ட கேள்வி: "வரைபடத்துல மணல் எங்கேர்ந்து எங்க போகுதுன்னு தெரியுமா, இல்ல எடத்துக்கு எடம் கலர் மட்டும்தானா?"

#10 அலைவாய்க்கரை

கொண்டல், உங்கள் அப்பாவின் கடைசிக் கேள்விதான் இந்த முறையின் ஆதாரக் குறை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீர்க்கோடு, கவனியுங்கள். நிலச்சரிவு, நிலத்தடி நீர் மாதிரியான விஷயங்களுக்கு லேயர்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் இந்த முறை ஓரளவு ஒத்துவரும். ஒரு மலைச்சரிவு சரிவது பெரும்பாலும் அந்த இடத்தின் பாறை, சாய்வு, மழையைப் பொறுத்தது. கடற்கரை அப்படியில்லை. ஒரு பிக்சல் அரிக்குமா என்பது அந்தப் பிக்சலில் எழுதப்பட்டிருக்காது. தெற்கே மூன்று கிலோமீட்டரில் என்ன நடந்தது என்பதில் எழுதப்பட்டிருக்கும்.

உங்கள் ஐந்தாவது லேயர், கட்டுமானத்திலிருந்து தூரம், அதைத் தொட முயன்றது. ஆனால் எல்லாப் பக்கமும் சமமாகத் தூரம் எடுத்திருக்கிறீர்கள். தெற்கே 500 மீட்டரும் வடக்கே 500 மீட்டரும் உங்களுக்கு ஒன்று. கடலுக்கு அவை நேர் எதிர். தெற்கே சேரும், வடக்கே போகும். வீராம்பட்டினம் ஆரஞ்சாக வந்தது இதனால்தான். தூரத்துக்குக் குறி போடுங்கள்: வடக்கே கூட்டல், தெற்கே கழித்தல். கரையோரமாகவே அளக்க வேண்டும், வானத்தில் நேராக அல்ல. கரையை 100 மீட்டர் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் "எனக்குத் தெற்கே அருகிலுள்ள தடுப்பு எது, எவ்வளவு தூரம், கடலுக்குள் எவ்வளவு நீளம்" என்று எழுதினால் போதும். ராஸ்டர் எனும் பிக்சல் கட்டப் படமே தேவையில்லை.

அடுத்தது அலை கரையைத் தொடும் கோணம். மணல் நகர்வு, அலை உடையும் கோணத்தின் இருமடங்குச் சைனைப் பொறுத்துக் கூடும். கரை கொஞ்சம் திரும்பினாலும் ஓட்டம் மாறும். ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் கோணம் கூடினால் மணல் வந்ததைவிட அதிகம் வெளியேறும், அது அரிப்பு. குறைந்தால் படிவு. அளவை விட மாற்றம்தான் முக்கியம்.

மூன்றாவது, வரத்து. சங்கராபரணி, தென்பெண்ணை இரண்டிலும் 1950களின் கடைசியில் அணைகள் வந்துவிட்டன, வீடூரும் சாத்தனூரும். அணைக்குப் பின்னால் மணல் தங்குகிறது. அதை லேயராக்குவது கடினம். இந்த 30 கிலோமீட்டருக்குள் அது பெரிதாக வேறுபடாது என்பதால் விட்டுவிடலாம், ஆனால் விட்டேன் என்று எழுதுங்கள்.

#11 நீர்க்கோடு

நேற்று ராத்திரி உட்கார்ந்து காமாவை விட்டுவிட்டு விதிகளாக எழுதிப் பார்த்தேன். கொண்டலின் அப்பா சொன்னதிலிருந்தும் அலைவாய்க்கரை சொன்னதிலிருந்தும் எடுத்தவை:

தெற்கே தடுப்பு அருகில், அது நீளம், நடுவில் முகத்துவாரம் எதுவும் இல்லை என்றால் அரிப்பு மிக அதிகம்.
வடக்கே தடுப்பு அருகில், தெற்கே தடுப்பு தொலைவில் என்றால் படிவு அதிகம்.
இரு பக்கமும் தடுப்பு அருகில் என்றால் கோணம் முடிவு செய்யும்.
தெற்கே கல் சுவர் முடிகிறது என்றால் அரிப்பு அதிகம்.
மாசி–பங்குனியில் திரும்பி வரும் மணல் குறைகிறது என்றால் எந்த விதியானாலும் அரிப்புப் பக்கம் ஒரு படி ஏறும்.

கடைசி விதிக்குச் சென்டினல் படங்களில் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் கரைக்கும் ஏப்ரல் கரைக்கும் உள்ள இடைவெளியை எடுக்கலாமா? டிசம்பரில் மேகம் தொல்லை, ஆனாலும் சில படங்கள் கிடைக்கின்றன.

விடையை ஆண்டுக்கு −10 முதல் +10 மீட்டர் வரை என்று வைத்தேன். விதிகள் தரும் விடை வடிவத்தின் மையப்புள்ளியை எடுத்து ஒற்றை எண்ணாக்குகிறேன். ஆனால் எந்தத் துண்டும் −6.7ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. எல்லா விதியும் முழு அளவில் செயல்பட்டாலும்!

#12 பிக்சல்பித்தன்

அது எல்லோரும் விழும் பள்ளம். உங்கள் "மிக அதிகம்" என்ற முக்கோணம் −10இல் உச்சியும் 0இல் காலும் கொண்ட செங்கோண முக்கோணமாக இருக்க வேண்டும், சரியா? அதன் மையப்புள்ளி உயரமான முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விழும். அதாவது −6.67. மாதிரியால் அதற்கு மேல் பேசவே முடியாது. விளிம்புக் கூட்டத்தை −15 வரை நீட்டி, உச்சி −10இல் இருக்கும்படி இருபுறமும் சமமாக்குங்கள், மையப்புள்ளி −10லேயே விழும்.

இன்னொன்று, இதைவிடப் பெரிது. முதல் மாதிரியில் கரைக்கோடு நகர்ந்த வேகத்தை உள்ளீடாகப் போட்டீர்கள். சரிபார்க்க எதை வைத்திருந்தீர்கள்? அதே வேகத்தையா? அப்படியானால் விடைத்தாளைப் பார்த்து எழுதிவிட்டு அதே விடைத்தாளை வைத்துத் திருத்துவது போல. வேகத்தை உள்ளீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். விதிகள் தடுப்பு, கோணம், பருவம் மட்டும் பார்க்கட்டும். 1990 முதல் 2005 வரை உள்ள கரையைப் பார்த்து உறுப்பளவு வளைவுகளைச் சரிசெய்யுங்கள். 2005க்குப் பிறகு வந்த கட்டுமானங்களைச் சேர்த்து மாதிரியை ஓட்டி, 2005–2020 வேகத்தோடு ஒப்பிடுங்கள். அப்போது பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு.

பருவ இடைவெளி யோசனை அருமை. ஆனால் 10 மீட்டர் பிக்சலில் ஒரு வருட இடைவெளியை நம்பாதீர்கள், ஐந்தாறு வருடத்தைச் சேர்த்துப் போக்கைப் பாருங்கள்.

#13 சர்வேக்கல்

இப்போது உருப்படியாகிறது. கல் சுவர் உள்ள துண்டுகளை என்ன செய்யப் போகிறீர்கள்? என் கருத்து, அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிச் சாம்பல் நிறம் கொடுங்கள். அங்கே கரைக்கோடு என்ற ஒன்றே இல்லை, இல்லாததை அளக்கக் கூடாது.

#14 அலைவாய்க்கரை

நீக்குவதில் எனக்கு உடன்பாடில்லை, ஐயா. சாம்பல் நிறம் என்றால் பார்ப்பவர் "தரவு இல்லை" என்று தாண்டிப் போய்விடுவார். தரவு இருக்கிறது. கரை கிடைமட்டமாக நகர முடியாதபோது செங்குத்தாக நகர்கிறது. சுவரின் அடியில் ஆழம் கூடும், கற்கள் சரியும், மேலே மேலே கல் கொட்ட வேண்டிவரும். அளக்க வேண்டியது சுவர் அடியின் ஆழம்.

அது கிடைக்காவிட்டாலும், "சுவர் இல்லாமல் இருந்தால் இந்தத் துண்டு என்ன செய்யும்" என்று விதிகள் சொல்லும் விடையை அப்படியே காட்டி, மேலே கோடுபோட்ட நிரப்பல் வைத்து "கல்லால் நிறுத்தப்பட்டது" என்று குறிக்கலாம். இரண்டு உண்மையும் ஒரே இடத்தில் தெரியும்.

2018–19 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்தது. அதன் பின்னால் மணல் மறுபடி சேர்ந்து, ஜனங்கள் இறங்கி நின்ற கரை உருவானது. சாம்பல் அடித்திருந்தால் அந்தத் திரும்பிய மணலும் வரைபடத்தில் விழாது.

#15 சர்வேக்கல்

கோடுபோட்ட நிரப்பல்... சரி, அதை ஏற்கிறேன். விளக்கப் பெட்டியில் தெளிவாக எழுத வேண்டும். ஆப்புத் தடுப்பும் ஒரு தடுப்புத்தான் என்பதையும் மறக்காதீர்கள். அது பிடித்துவைத்த மணலை அதற்கு வடக்கே உள்ள துண்டுகளின் கணக்கில் கழிக்க வேண்டும்.

#16 நீர்க்கோடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். எஸ்ஆர்டிஎம் போய்விட்டது. எல்லாப் படங்களும் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் எடுத்தவை. 1988 படம் ஒன்றையும் சேர்த்தேன். கரையை 100 மீட்டர் துண்டுகளாக்கி விதிகளைப் பைத்தானில் ஓட்டினேன்.

நகர முகப்பு இப்போது அடர்ந்த சிவப்பு, மேலே சாய்வுக் கோடுகள். வீராம்பட்டினம் நீலம். இடையில் வண்ணம் மாறும் இடம் சரியாக அலைத்தடுப்பின் மேல் விழுகிறது, அதை நான் கையால் போடவில்லை. கோட்டக்குப்பத்தைத் தாண்டிப் போகப் போகச் சிவப்பு மெல்ல வெளிறுகிறது. 2005க்குப் பிந்தைய கரையோடு ஒப்பிட்டபோது திசை பெரும்பாலான துண்டுகளில் ஒத்துப்போகிறது. அளவு ஒத்துப்போகவில்லை, தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மிகவும் தவறுகிறது. பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு நான்கைந்து துண்டுகளில் மாதிரி அரிப்பு என்கிறது, படத்தில் கரை அப்படியே இருக்கிறது.

அந்தத் துண்டுகளை மறைக்காமல் கறுப்புக் கட்டமிட்டுத்தான் ஆய்வேட்டில் காட்டப்போகிறேன். வழிகாட்டியும் சம்மதித்துவிட்டார்.

#17 கொண்டல்

வரைபடத்தை அப்பாவின் கைப்பேசியில் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். முதல் முறையாக "இது நம்ம கரைதான்" என்றார்.

அப்புறம் தூண்டில் வளைவுகளுக்கு நடுவே விரல் வைத்து, "தெண்டி ஓடுற மாசத்துல மணல் இந்த வளைவுக்குத் தெற்க ஒட்டிக் கெடக்கும். வன்னி ஓடுனா அப்படியே நகர்ந்து அந்த வளைவுக்கு வடக்க போய் ஒட்டிக்கும். பொண்ணு எந்த மாசத்துப் படத்தைப் பார்த்துச்சு?" என்று கேட்டார். நீங்கள் பிப்ரவரி–ஏப்ரல் என்றீர்கள். அது ஓட்டம் திரும்புகிற சமயம், மணல் நடுவழியில் இருக்கும் என்கிறார். வளைவுகளுக்கு நடுவில் மட்டும் ஆகஸ்ட் படம் ஒன்று, ஜனவரி படம் ஒன்று தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார்.

கறுப்புக் கட்டத் துண்டுகளைப் பற்றி அவருக்கு ஒரு யோசனை இருக்கிறது, ஆனால் இடத்தில் நின்றுதான் காட்டுவேன் என்கிறார். நேரில் வர முடியுமா?

#18 நீர்க்கோடு

கண்டிப்பாக வருகிறேன். ஆகஸ்ட், ஜனவரி படங்களை இன்றே இறக்கிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு வரலாமா? ஜிபிஎஸ், அளவு நாடா, மட்டக்கோல் மூன்றும் துறையிலிருந்து எடுத்துவருகிறேன். சுவர் அடியில் ஆழம் பார்க்க முடியுமா என்றும் அப்பாவிடம் கேளுங்கள்.

#19 கொண்டல்

ஞாயிறு சரி. வற்றம் எப்போது என்று பார்த்துவிட்டு நேரத்தைச் சனிக்கிழமை சொல்கிறேன். ஆழத்துக்குக் கயிற்றில் ஈயக்குண்டு கட்டித் தானே படகில் வந்து பார்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். சர்வேக்கல் ஐயாவும் வருவாரா என்று கேட்கச் சொன்னார்.

#20 சர்வேக்கல்

வருகிறேன். மட்டக்கோலைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.